வலைநிரலும் வெளிக்கட்டளையும்: ஒரு வியாபாரியின் விளக்கம்

மலர்க்குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ சுவடி பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை கணினி பற்றி எழுதுகிறேன். “இவருக்கு ஏன் இந்த வேலை?” என்று சிலர் நினைக்கலாம். நான் கல்லூரியில் கணினி படித்தவன் அல்லன். பாலக்காட்டில் மளிகை, நறுமணப் பொருள் வியாபாரம். ஐம்பது வயதுக்கு மேல் கடைக் கணக்குக்காகக் கற்றுக்கொண்டது, பிறகு விட முடியாத பழக்கமாகிவிட்டது. ஆனால் இதை எழுதக் காரணம் அந்தப் பழக்கமன்று. நம் சங்கத்தின் பெட்டியில் உள்ள பழைய காகிதங்கள்.

பீருமேடு, தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வேலை செய்யும் நம் மக்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வந்தது. அதனால் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தேயிலை பறித்த பாட்டியிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ஒரு சம்பளச் சீட்டு, செக்ரோல் நகல், பள்ளிச் சான்று, கடைப் பற்றுச்சீட்டு. மலைப்பக்கத்து ஈரத்தில் அவையும் கரையான் தின்றது போக மிச்சம்தான். பேரனின் படிப்பும் வேலையும் அந்தத் துண்டுக் காகிதத்தில் தொங்குகின்றன. இவற்றைப் படம் எடுத்துச் சேர்த்துவைக்கவே சங்கத்தின் வலைத்தளத்தில் ஒரு பகுதி தொடங்கினோம். உறுப்பினர் வீட்டிலிருந்தே படத்தை ஏற்றலாம். தளம் அதைச் சிறிதாக்கிப் பட்டியலில் காட்டும்.

ஒரு நாள் பார்த்தால், சில படங்கள் மட்டும் பட்டியலில் வரவில்லை. எல்லாம் கடைப் பற்றுச்சீட்டுகள். தளத்தைக் கவனிக்கும் கொழிஞ்சாம்பாறைத் தம்பி பிழைப்பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஐயா, உங்க ஏவாரிக பேருதாங்க காரணம்” என்றான். கோப்புகளின் பெயர் ‘இன்னார் & சன்ஸ் 1947’ என்கிற மாதிரி இருந்தது. ‘சன்ஸ் என்று ஒரு கட்டளை இல்லையே’ என்று வழங்கி புகார் எழுதிவைத்திருந்தது! கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “ஐயா, இது சின்ன விஷயம் இல்லீங்க. உடனே மூடணும்” என்றான். ஏன் மூட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை.

வலைத்தளத்தை நடத்தும் கணினிக்கு வழங்கி என்று பெயர். அதில் ஓடும் நிரல் பெரும்பாலும் பிஎச்பி, பைத்தான், பெர்ல் போன்ற மொழிகளில் எழுதப்படும். எல்லா வேலையையும் அந்நிரலே செய்வதில்லை. படத்தைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக், பிடிஎப் பக்கத்தைப் படமாக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட், படத்திலிருந்து எழுத்தைப் படிக்க டெசராக்ட் என்று தனித்தனிக் கருவிகள் வழங்கியிலேயே உண்டு. ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் நன்றாகச் செய்யும். வலைநிரல் அவற்றுக்கு ஆணையிட்டு வேலை வாங்கிக்கொள்கிறது.

நடுவில் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஷெல். கடையை வைத்துச் சொல்கிறேன். முன்கடையில் இருக்கும் பையன் வலைநிரல். பின்னால் கிடங்கு. கிடங்குக்காரர்தான் ஷெல். பையன் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவான். கிடங்குக்காரர் படித்து, மூட்டையை எடுக்கச் சொல்வார். இந்தக் கிடங்குக்காரர் நல்லவர், ஆனால் சொந்த யோசனை கிடையாது. சீட்டில் இருக்கும் குறிகளுக்கு அவரிடம் தனிப் பொருள் உண்டு. ; வந்தால் ஒரு வேலை முடிந்தது, அடுத்த வேலை தொடங்குகிறது. | வந்தால் இந்த வேலையின் விளைவை அடுத்தவரிடம் கொடு. * வந்தால் கண்ணில் படும் எல்லாப் பெயரும். & வந்தால் இதுவரை சொன்னதைப் பின்னணியில் செய்துகொண்டிரு, அடுத்ததைப் பார்.

இப்போது நம் பற்றுச்சீட்டுக்கு வருவோம். படத்தைச் சிறிதாக்கு என்று எழுதி, அதன் பக்கத்தில் உறுப்பினர் கொடுத்த கோப்புப் பெயரை நிரல் அப்படியே ஒட்டியது. ஷெல் & குறியில் வாக்கியத்தை வெட்டியது. முன்பாதியை ஒரு கட்டளையாகவும், ‘சன்ஸ்’ என்பதை இன்னொரு கட்டளையாகவும் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு கட்டளை இல்லாததால் பிழைத்தோம். யாராவது வேண்டுமென்றே, சன்ஸ் இருந்த இடத்தில் ‘இந்த அடைவில் உள்ளதை எல்லாம் அழி’ என்ற கட்டளையை எழுதி ஏற்றியிருந்தால்? பாட்டியின் சம்பளச் சீட்டுப் படம் போயிருக்கும். மூலக் காகிதம் கரையானுக்குப் போன குடும்பங்களுக்கு மறுபடி ஆதாரமே இல்லை. அழிக்காமல் வாசித்துத் திருடவும் வழி உண்டு. அதில் ரேஷன் அட்டையும் முகவரியும் இருக்கின்றன. இதற்குக் கட்டளை ஊடுருவல் என்று பெயர்.

இந்தத் தவறு நம் தம்பி கண்டுபிடித்தது அன்று. வலைநிரல் வெளிநிரலை ஏவுவதற்கான சிஜிஐ என்ற ஏற்பாடு 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ நிலையத்தில் பிறந்தது. அதோடு மாதிரிக்காக வந்த நிரல்களில் ஒன்று ‘பிஎச்எஃப்’. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் தேடித் தருவது. ஆபத்தான குறிகளை எல்லாம் பட்டியல் போட்டு முடக்கிவிட்டோம் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். வரியை முடிக்கும் குறி ஒன்று பட்டியலில் விட்டுப்போனது. அந்த ஒன்றின் வழியாக 1996இல் உலகெங்கும் வழங்கிகளில் புகுந்தார்கள்.

2014 செப்டம்பரில் வந்த ‘ஷெல்ஷாக்’ இன்னும் பெரிது. இம்முறை குறை பையனிடம் இல்லை, கிடங்குக்காரரிடமே இருந்தது. பாஷ் என்ற புகழ்பெற்ற ஷெல்லில், சூழல் மாறிகளைப் படிக்கும் இடத்தில் ஓர் ஓட்டை. பார்வையாளரின் உலாவி அனுப்பும் விவரங்களைச் சிஜிஐ அந்த மாறிகளில்தான் போட்டுக் கொடுக்கும். அதனால் வெளியாள் எழுதியது ஷெல்லின் காதுக்கு நேராகப் போனது. ஸ்டெஃபான் ஷசெலாஸ் கண்டுபிடிக்கும்வரை அந்த ஓட்டை இருபத்தைந்து ஆண்டாக அங்கேயே இருந்தது. 2016இல் இமேஜ்மேஜிக்கிலும் ஒரு குறை வெளிப்பட்டது: படம் என்ற பெயரில் வரும் கோப்பின் உள்ளேயே கட்டளையை ஒளித்து அனுப்பலாம். சீட்டு சரியாக இருந்தாலும் மூட்டைக்குள் பாம்பு இருக்கலாம் என்பது அதன் பாடம்.

அப்படியானால் வெளிக்கட்டளையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? முடியாது. நாம் படிக்கும் தமிழ் விக்கிமூலத்தையே பாருங்கள். பழைய நூல்களின் பிடிஎப் பக்கம் ஒருபுறமும் தட்டெழுதிய உரை மறுபுறமுமாக வருகிறதல்லவா? அந்தத் தளத்தை நடத்தும் மீடியாவிக்கி பிஎச்பியில் எழுதப்பட்டது. பக்கத்தைப் படமாக்க அது கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை வெளியிலிருந்துதான் அழைக்கிறது. அவர்களுக்கும் சோதனை வந்தது. இசைக்குறிப்பை வரைந்து தரும் ஒரு வசதி லிலிபாண்ட் என்ற வெளிநிரலை நம்பியிருந்தது. அதில் பாதுகாப்புக் குறை தெரிந்ததும் 2020இல் அவ்வசதியை நிறுத்திவைத்தார்கள். பிறகு ‘ஷெல்பாக்ஸ்’ என்ற தனி அறையை அமைத்து, வெளிக்கட்டளைகள் முக்கிய வழங்கியைத் தொடாமல் அங்கேயே ஓடும்படி செய்து, 2021இல் திரும்பக் கொடுத்தார்கள். கருவியைக் கைவிடவில்லை, கிடங்கைத் தள்ளிக் கட்டினார்கள்.

இனி நாங்கள் செய்தவை. முதலில், நிரல்மொழிக்குள்ளேயே நூலகமாகக் கிடைக்கும் வேலைக்கு வெளியே போகாதே. இரண்டாவது, பெயரை மேற்கோளுக்குள் கட்டிக் கொடு. பிஎச்பியில் இதற்கு எஸ்கேப்ஷெல்ஆர்க் என்ற செயற்கூறு உண்டு; மேற்கோளுக்குள் வந்த & குறிக்குச் சக்தி போய்விடும். இதைச் செய்து சோதனை பார்த்தபோது எங்களுக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. பெயரில் இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் மாயமாகி, ஆண்டு எண் மட்டும் மிஞ்சியது! வழங்கியின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால், இச்செயற்கூறு தனக்குப் புரியாத எழுத்துகளைக் கழித்துவிடுகிறது. நிரலில் செட்லொகேல் கொண்டு அமைப்பைச் சரிசெய்த பிறகுதான் தமிழ் நின்றது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தமிழ்த் தளம் நடத்துவோர் கவனிக்க.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: வெளியாள் கொடுத்த பெயரைக் கட்டளையில் சேர்க்கவே சேர்க்காதே. புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய்க்கு லாட் எண்தான் பேசும். தோட்டக்காரர் பெயர் பதிவேட்டில் இருக்கும். அதேபோல ஏறும் கோப்புக்கு நாமே ஓர் எண் கொடுத்துவிட்டோம். உறுப்பினர் வைத்த பெயர் தரவுதளத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டளைக்குப் போவது எண் மட்டும். எண்ணில் & எங்கிருந்து வரும்? ஆரம்பத்தில் ‘-’ வைத்த பெயரைக் கருவி ‘இது விருப்பத் தெரிவு’ என்று தவறாக நினைக்கும் தொல்லையும் இதனால் ஒழிந்தது.

நான்காவது, ஷெல்லையே தாண்டிப் போவது. 2019இல் வந்த பிஎச்பி 7.4 முதல், ப்ராக்ஓபன் என்ற செயற்கூறுக்குக் கட்டளையையும் பெயர்களையும் தனித்தனி உருப்படிகளாகப் பட்டியலிட்டுக் கொடுக்கலாம். பையன் கிடங்குக்காரரைக் கேட்காமல் மூட்டையைத் தானே எடுப்பது போல. குறிகளுக்குப் பொருள் சொல்ல நடுவில் ஆளே இல்லை.

ஐந்தாவது, அதிகாரத்தைக் குறை. வலைநிரல் ஓடும் பயனர் கணக்குக்குத் தேவையான அடைவை மட்டும் திறந்துவிட வேண்டும். கடைப்பையனிடம் இரும்புப்பெட்டிச் சாவியைக் கொடுப்போமா? ஆறாவது, நேரக்கட்டுப்பாடு. பிஎச்பிக்கு அதிகபட்ச ஓட்டநேரம் வைத்திருந்தாலும், லினக்ஸில் வெளிக்கட்டளை எடுக்கும் நேரம் அக்கணக்கில் சேராது. கட்டளைக்கே தனியாக ‘டைம்அவுட்’ வைக்க வேண்டும். ஏழாவது, கருவியின் முழு முகவரியைக் கொடுத்து அழை. முடிவில் அது திருப்பும் எண்ணைப் பார். சுழியம் என்றால் வேலை முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ தவறு. நாங்கள் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் பற்றுச்சீட்டுகள் காணாமற்போனது முதல் நாளே தெரிந்திருக்கும்.

பிஎச்எஃப் கதையில் இருக்கும் நியாயத்தை எங்கள் தொழிலில் எல்லோரும் அறிவார்கள். சொத்தைக் காயைப் பொறுக்கி எறிந்துகொண்டே இருந்தால் ஒன்றாவது தப்பிவிடும். 8 மி.மீ. சல்லடையில் மேலே நிற்பதை மட்டும் எடுத்தால் வேலை சுத்தம். கெட்ட குறிகளைத் தேடித் தடுப்பதை விட, அனுமதித்த எழுத்தை மட்டும் உள்ளே விடுவது அந்த வழி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மா தண்ணீரைப் பார்த்து ‘இதில் பூச்சி இருக்கிறதா’ என்று தேடியதில்லை. எல்லாத் தண்ணீரையும் வடிகட்டினாள்.

ஏற்றும் வசதியை அன்றிரவே மூடி, இத்தனையும் செய்த பிறகு திறந்தோம். ‘சன்ஸ்’ படங்களும் இப்போது பட்டியலில் வருகின்றன. எல்லாப் படங்களுக்கும் ஒரு நகல், வலையோடு தொடர்பில்லாத வட்டில், சங்க அலமாரியில் இருக்கிறது. இன்னும் காகிதம் ஏற்றாத குடும்பங்கள் வண்டன்மேடு, குமுளிப் பக்கம் நிறைய உண்டு. அடுத்த மழைக்கு முன் படம் எடுத்துவிடுங்கள். கோப்புக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், ‘& சன்ஸ்’ உட்பட.