இரவில் மட்டும் அலறும் கார்

“அண்ணாச்சி, ராத்திரியானா வண்டி கெடந்து அலறுகு. பகல்ல ஒரு கொறையும் இல்ல.” குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து இப்படியொரு புகாரோடு பழைய கார் ஒன்று நாகர்கோவில் ஒர்க் ஷாப்புக்கு வந்தால் எலக்ட்ரீஷியன் பாடு திண்டாட்டம்தான். நல்ல வெயிலில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்து மூடி, ரிமோட்டை அழுத்திப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று சொல்லி அனுப்புவார். அன்றிரவு இரண்டு மணிக்குத் தெருவே மறுபடி எழுந்து உட்காரும்.

எலியை அடியோடு விட்டுவிட முடியாது. ஆனால் பகலில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கடல் உப்பை.

கம்பெனியிலேயே பொருத்தி வந்த அலாரத்துக்குக் கண் கிடையாது. கதவு, டிக்கி, பானெட் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சுவிட்ச். அவற்றின் ஒயர்கள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பழைய கார்களில் பெரும்பாலும் அந்த ஒயரில் ஒரு மின்தடை வழியாக மின்னழுத்தம் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். பானெட்டைத் திறந்ததும் சுவிட்சின் ஊசி மேலெழும்பி, ஒயர் வண்டியின் பாடியோடு சேர்ந்துவிடும். ஒர்க் ஷாப் பேச்சில், எர்த் ஆகிவிடும். அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும். பெட்டிக்குத் தெரிவது அவ்வளவுதான். அழுத்தம் இறங்கினால் திருடன் வந்துவிட்டான்.

இனி உப்பின் வேலையைப் பார்ப்போம். கரையில் அலை உடையும்போது நீருக்குள் சிக்கிய காற்று குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளை வீசி எறியும். நீர் ஆவியாகிப் போக, மிஞ்சும் துகள்களைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் பக்கமிருந்து வீசி, ஆரல்வாய்மொழி கணவாயில் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான். பெரிய துகள்கள் கரையை ஒட்டியே விழுந்துவிடும். கடலைப் பார்த்த வீட்டு ஜன்னல் கம்பி முதலில் துருவேறுவது அதனால்தான்.

காய்ந்த உப்பால் தொந்தரவில்லை. அது மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். அடுக்களை உப்புப் பரணி மழைக்காலத்தில் கசிவது இப்படித்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு இதில் பாதி ஈரம்கூட வேண்டாம். போதாததற்கு, வெட்டவெளியில் நிற்கும் காரின் தகடு இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதன்மேல் பனி இறங்குகிறது.

இப்போது பானெட் சுவிட்சுக்குள் மெல்லிய உப்புநீர்ப் படலம். பெட்டியிலுள்ள தடை 4,700 ஓம், படலத்தின் தடையும் அதே அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒயரில் நின்ற 12 வோல்ட் 6 ஆகிவிடும். முழுதாக எர்த் ஆக வேண்டியதில்லை. பெட்டி வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே கொஞ்ச நேரம் இறங்கினால் போதும், சைரன் அலறும். காலை வெயிலில் படலம் காய்ந்துவிடும். பிறகு மல்டிமீட்டரில் என்ன தெரியும்?

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சாயங்காலம் பானெட் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு வண்டியைப் பூட்டுங்கள். மேலே சொன்ன வகை வண்டியில், தனியே தொங்கும் ஒயர் ‘பானெட் மூடியிருக்கிறது’ என்றே பெட்டிக்குச் சொல்லும். அன்றிரவு சத்தமில்லை என்றால் ஆள் அகப்பட்டான். சாக்கெட்டுக்குள் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கக்கூடும். துணியால் துடைத்தால் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, வாஸ்லின் தடவ வேண்டும். புது சுவிட்சே போட்டுவிடுவது இன்னும் உத்தமம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காக நிற்கும் காரின் கதை வேறு. பூட்டிய வண்டியிலும் அலாரம் விழித்தே இருக்கிறது. எல்லாமாகச் சேர்ந்து 35 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட, 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஆயிரம் மணி நேரத்தில், அதாவது சுமார் 42 நாளில் காலி. பேட்டரி தளர்ந்து அழுத்தம் தள்ளாடுவதைச் சில பெட்டிகள், யாரோ ஒயரை அறுப்பதாக எடுத்துக்கொள்ளும். சைரனுக்குள்ளேயே தனி பேட்டரி உள்ள ஐரோப்பிய வகைகளில், வயதான அந்தக் குட்டி பேட்டரி கசிந்து சர்க்யூட்டை அரித்துத் தானே கத்தவைப்பதும் உண்டு.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய ‘கீலாக்’ போன்ற முறைகளில் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரகசிய எண் மாறும். பொதுவான ஏற்பாட்டில், அடுத்த 16 எண்களுக்குள் வந்தால் வண்டி உடனே ஏற்கும். துபாயில் சட்டைப்பையில் அழுந்தி அழுந்தி அதைத் தாண்டிப் போயிருந்தால், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தக் கேட்கும். அழுத்திப் பாருங்கள், காசா பணமா?

எரிச்சலில் ஃபியூஸைப் பிடுங்குவதுதான் பெரிய தப்பு. பல வண்டிகளில் அலாரமும், எஞ்சினைப் பூட்டிவைக்கும் இம்மொபிலைசரும் ஒரே பெட்டி; எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள்; ஓய்ந்து நிற்கும் வண்டியில் 12.4 வோல்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள். அடுத்தது பானெட் சுவிட்ச். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடுவது அதற்கப்புறம். முடிந்தால் எலக்ட்ரீஷியனை விடியற்காலையில், பனி காயுமுன் வீட்டுக்கே வரவழையுங்கள்.