3,500 கிலோவுக்குள் ஒரு வீடு

ஜெர்மனியில் 1999-க்குப் பிறகு கார் ஓட்டும் உரிமம் எடுத்தவர்கள், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டியை மட்டுமே ஓட்டலாம். அதற்கு முன் எடுத்தவர்களுக்கு 7,500 கிலோ வரை அனுமதி உண்டு. ஆகவே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறையோடு ஊர் சுற்ற மோட்டார் ஹோம் தேடும் அங்குள்ள இளம் குடும்பங்களுக்கு, விலையை அடுத்து குறுக்கே நிற்பது இந்த எண்தான். வண்டி மட்டுமல்ல, ஆட்கள், தண்ணீர், டீசல், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்ந்து 3,500-க்குள் அடங்க வேண்டும்.

விளம்பரத் தாளில் ‘புறப்படத் தயாரான எடை’ என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரும் 90 சதவீதம் நிரம்பிய டீசல் டேங்கும் அதில் அடக்கம். தண்ணீர் விஷயத்தில்தான் சாமர்த்தியம். டேங்க் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆனால் பல நிறுவனங்கள் 20 லிட்டரை மட்டும் கணக்கில் சேர்க்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 மீட்டர் நீளம், நால்வருக்கான வண்டி, தாளில் உள்ள எடை 2,950 கிலோ. மிச்சம் 550. ஓட்டுநர் போக மற்ற மூவருக்கு 225 கழித்தால் 325. பக்கவாட்டு நிழல்பந்தலுக்கு 30, இரண்டு மின்சார சைக்கிள்களுக்கும் அவற்றை மாட்டும் தாங்கிக்கும் 65, சோலார் தகடு, கூடுதல் பேட்டரிக்கு 35, தண்ணீர் டேங்கை நிரப்ப இன்னும் 100. கடைசியில் கையில் நிற்பது 95 கிலோ. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் இதற்குள் வேண்டும். ஆளுக்கு 24 கிலோகூடத் தேறாது.

அந்த 95-ஐயும் நம்பிவிட முடியாது. தாளில் உள்ள எடையிலிருந்து உண்மையான வண்டி 5 சதவீதம் வரை விலகியிருக்க ஐரோப்பிய விதி இடம் தருகிறது. 2,950-இல் 5 சதவீதம் என்றால் 147.5 கிலோ. அரிசி மூட்டையை ஏற்றும் முன்பே வண்டி வரம்பு மீறியிருக்கலாம்; வாங்கியவருக்கு அது தெரியவும் தெரியாது. சாமானுக்கென்று குறைந்தபட்ச எடை ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது: ஆட்களின் எண்ணிக்கையோடு நீளத்தைக் கூட்டி 10-ஆல் பெருக்க வேண்டும். நம் வண்டிக்கு அது 110 கிலோ. நால்வரின் விடுமுறைக்கு இது போதும் என்று விதி எழுதியவர்கள் குடும்பத்தோடு பயணம் போனவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம்.

மொத்த எடை சரியாக இருந்தாலும், தனக்கென ஓர் எடை வரம்புள்ள பின் அச்சு காலை வாரலாம். முன் பின் சக்கரங்களுக்கிடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 2 மீட்டர் தள்ளித் தொங்கும் 65 கிலோ சைக்கிள் சுமை, நெம்புகோல் விதிப்படி பின் அச்சை ஏறக்குறைய 98 கிலோவாக அழுத்தும். முன் அச்சு 33 கிலோ இலகுவாகும். ஐரோப்பாவில் மோட்டார் ஹோம் கட்ட ஏராளமாகப் பயன்படும் ஃபியட் டுகாட்டோ முன்சக்கர இழுவை வண்டி. ஈரமான புல்தரையில் சக்கரம் வழுக்குவதற்கு முன் அச்சு இப்படி இலகுவாவதும் ஒரு காரணம்.

எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்பது எல்லோருக்கும் பழகிய நம்பிக்கை. நெடுஞ்சாலையில் அது பெரிதாக எடுபடாது. மோட்டார் ஹோம் ஓடுவது அலமாரியை நிமிர்த்தி வைத்துக் காற்றில் தள்ளுவது போலத்தான். 3,500 கிலோ வண்டியின் சக்கர உருளல் தடை சுமார் 340 நியூட்டன். 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், 100-ஐத் தொடும்போது நான்கு மடங்காகிவிடும். அந்த வேகத்தில் 200 கிலோ சுமையைக் கூட்டினால் மொத்தத் தடை ஏறுவது 1 சதவீதம் அளவே. வேகத்தை 80-க்கு இறக்கினாலோ கால் பங்குக்கும் மேல் குறைகிறது.

மலையேற்றத்தில் எடை பேசும், அதுவும் மெதுவாகத்தான். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து பிரென்னர் கணவாய் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். முழு வண்டியையும் அவ்வளவு தூக்க 2 லிட்டர் டீசலுக்குச் சற்று மேல் ஆகும். கூடுதல் 200 கிலோவின் பங்கு ஒரு சின்ன டம்ளர்.

ஆக, டீசல் செலவைத் தீர்மானிப்பது வண்டியின் உயரமும் முகப்பின் அகலமும் ஓட்டுபவரின் காலும். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்தி நிற்கும் வகைக்கு லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர் கிடைக்கும். வேன் உடலிலேயே கட்டிய ஒடுங்கிய வகைக்கு 10 வரை வரும். இருவர் மட்டும் போவதென்றால் வேன் வகை போதும். நால்வர் என்றால் 3,500-க்குள் அடக்க மல்லுக்கட்டாமல், அதைத் தாண்டிய வண்டிகளுக்கான சி1 உரிமம் எடுத்துப் பெரிய வண்டி வாங்குவதே நல்லது. எடை கூடிய வண்டிகளுக்கு ஜெர்மன் ஆட்டோபானில் 100 கிலோமீட்டர் உச்சவரம்பு உண்டு. டீசலுக்கு அதுவும் லாபமே.

எந்த வகையானாலும், கையெழுத்துப் போடும் முன் வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே எடைச் சீட்டு கேளுங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.