கதிரொளித் தொழிலும் கைக்கூலியும்

நெய்யாற்றின்கரைக்குத் தென்மேற்கே, கடலை அடுத்துக் கிடக்கும் ஊர் கோட்டுகால். அவ்வூரிலும் பாறசாலையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. பத்தாவது தேறிய பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு தொழில் கிட்டாதா என்பது அக்குடும்பங்களின் நெடுநாளைய கவலை. அக்கவலைக்கு விடையாகக் கூடிய ஒரு தொழிலைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம். ஞாயிற்றின் ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் தொழில் அது.

இத்தொழில் நமக்குப் புதியதன்று. கோட்டுகாலுக்கு அணித்தேயுள்ள விழிஞம் துறையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1991ஆம் ஆண்டில் கடலலை மின்நிலையம் ஒன்றை நிறுவினர். அலை ஏறி இறங்குங்கால் கற்காரை அறையினுள் அடைபட்ட காற்று உந்தப்பட்டு, சுழலியைச் சுற்றும். அதன் ஆற்றல் 150 கிலோவாட். அந்நிலையம் பின்னர் நிறுத்தப்பட்டது. கிழக்கே, ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரைமேல் கதிரொளித் தகடு அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தகடு பதிக்கவும், கம்பி இணைக்கவும், பழுது பார்க்கவும் கைகள் வேண்டும். அக்கைகள் யாருடையவை? அவற்றைப் பழக்கும் செலவு யாருடையது?

இக்கேள்வி அமெரிக்க நாட்டிலும் எழுந்தது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கு மற்றவர் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில், அவர்களுக்கென்றே தனிக் கல்லூரிகள் தோன்றின. அலபாமா மாநிலத்தில் புக்கர் வாஷிங்டன் 1881இல் தலைமையேற்றுத் தொடங்கிய டஸ்கேகி அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே மாணவரே செங்கல் சுட்டுக் கட்டடம் எழுப்பினர். உழைப்பால் தம் படிப்புச் செலவின் ஒரு பகுதியை ஈட்டினர். 1890ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கல்லூரிகளுக்கு அரசுப் பொருள் கிட்ட வழி செய்தது. ஆயினும் கணக்கு நேராக அமையவில்லை. 1987 முதல் 2020 வரை 16 மாநிலங்களில் இவ்வகைக் கல்லூரிகளுக்குச் சேரவேண்டியதில் 1200 கோடி டாலருக்கு மேல் குறைந்ததென்று, 2023இல் அந்நாட்டு அரசே அம்மாநில ஆளுநர்களுக்கு எழுதியது. அதே ஆண்டில், கறுப்பினக் கல்லூரிகளில் தூய ஆற்றல் கல்வியை வளர்க்க ஆற்றல் துறை தனிப் பரிசுத் திட்டம் ஒன்றை வகுத்தது. 2025இல் ஆட்சி மாறிய பின்னர், தூய ஆற்றலுக்கென வழங்கிய மானியங்கள் பல நீக்கப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு வந்து போகும் பொருளை நம்பி ஆசிரியரை அமர்த்துவது எங்ஙனம்?

நம் ஊர்ப்பக்கத்து வரலாறும் இதற்கு ஒப்பானதே. கோட்டுகாலை அடுத்த வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் முதலிய ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட நாளில், அவர் 1904இல் தம் ஊரிலேயே ஒரு பள்ளி தொடங்கினார். பாலராமபுரத்துக்கு அணித்தேயுள்ள ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, பகைத்தோர் பள்ளியையே எரித்தனர். எம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்குமட்டும் வயலில் இறங்கோம் என்று உழைப்பாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியின்றி வாடிய அக்காலத்தில், விழிஞத்து மீனவர்கள் அவர்களைப் படகில் ஏற்றி வேலை தந்து காத்தனர் என்பர். 1937இல் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் மக்களுள் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காணவேண்டும் என்பதே தம் ஆசையென்று அய்யன்காளி கூறியதாகச் சொல்லுவர்.

அன்பர்கள் ஒன்றை ஊன்றிக் கருதவேண்டும். அப்போராட்டம் நிலைத்தற்குப் படகில் கிடைத்த கூலியும் ஒரு காரணமன்றோ? பசித்த வீட்டில் கல்வி இலவசம் என்பது பாதி உதவியே. மத்திய அரசு 2015இல் தொடங்கிய சூரியமித்ரா பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி முதலியன கற்றோர்க்கு மூன்று மாதம் உணவும் உறைவிடமும் தந்து கட்டணமின்றிக் கதிரொளித் தொழில் கற்பிக்கும் நல்ல திட்டம் அது. ஆயினும் அம்மூன்று மாதமும் அவ்விளைஞன் வீட்டுக்கு அனுப்பிவந்த பணம் நின்றுவிடும். கூரையில்லாத வீட்டு மூத்த மகன் அதைத் தாங்குவானா?

இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் நாம் ஒன்றைக் காண்கின்றோம். 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்படி, பட்டறையில் தொழில் பழகுவோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. தொகை சிறிதே, எனினும் பயிற்சியை நடுவில் விட்டுச் செல்லாமல் அது பலரைத் தாங்குகின்றது. கதிரொளித் தொழிற்கும் இவ்வழியே தக்கது.

கேரளத்தில் பட்டியல் இன வளர்ச்சித் துறை தன் பொறுப்பில் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்திவருகின்றது. புதுப் பொருளைப் புது மாளிகைக்குக் கொட்டுவதினும், அந்நிலையங்களுக்கே நிலையான ஆசிரியரையும், பழகுதற்குத் தகடும் கருவியும், மாணவர்க்குப் பயிற்சிக்கால உதவித்தொகையும் அளிப்பது மேல். தங்கள் மக்கள் பயிலும் இடத்தில் பொருள் சேர்ந்தால் அது அவர்கள் கையை எட்டும்; தொலைவில் சேர்ந்தால் இடையிலேயே வற்றிப்போம்.

அரசு செய்யுமளவும் நாம் வாளா இருத்தல் ஆகாது. சங்கத்தின் கல்வி நிதியினின்று, எல்லையூர்ப் பிள்ளை ஒருவர் பயிற்சிக்குச் செல்லும் மூன்று மாதமும் அவர் வீட்டுக்கு ஒரு தொகை அனுப்பலாம். பெண்மக்களுக்கு முதலிடம் தருதல் சாலவும் நன்று. அன்று மீனவர் படகில் இடம் தந்தனர். இன்று அவ்விடத்தைத் தரவேண்டியவர் நாமே.