கோடை இடியும் மூன்று மணி நேரமும்

வசந்த காலம் என்றவுடன் கவிகள் குயிலையும் தென்றலையும் மாந்தளிரையும் சொல்லுவார்கள். திருவண்ணாமலையில் ஒரு சித்திரை மாதம் வசித்தவர்களுக்கு அந்த வர்ணனை சற்று வேடிக்கையாகவே தோன்றும். இங்கே வசந்தம் என்பது பகல் பதினொரு மணிக்குக் கால் வைக்க முடியாத கருங்கல் தளம். இரண்டு மணிக்குக் கானல் ஆடும் மலையடிவாரம். நான்கு மணிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் திரளும் கருமேகம். ஐந்து மணிக்குக் கண்ணை மறைக்கும் புழுதிச் சூறை. பின்பு அரை மணி நேரம் இடியும் மழையும். ஏழு மணிக்குத் துடைத்து விட்டாற்போல நட்சத்திரங்கள். மறுநாளும் இப்படியே நடக்கும் என்று நம்பிக் குடையும் கையுமாகப் புறப்பட்டவன் ஏமாந்து திரும்புவான். நான்காம் நாள் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்போது ஆலங்கட்டி விழும்.

இந்தப் பருவத்தின் சுபாவத்தை ஊர்க் கோயில் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. பஞ்சபூத ஸ்தலங்களில் அக்கினிக்கு உரியது இத்தலம். இங்கே சித்திரையில் வசந்த உற்சவம் நடந்து, அதன் முடிவில் வசந்தனின் தோழனாகிய மன்மதனின் உருவத்தையே எரிக்கிறார்கள். அடுத்து மே 4ஆம் தேதியை ஒட்டிக் கத்திரி வெயில் பிறந்தால், மாதக் கடைசி வரையில் மூலவருக்குத் தாராபிஷேகம். துவாரமிட்ட பாத்திரத்திலிருந்து குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக லிங்கத்தின்மேல் விழுந்துகொண்டே இருக்கும். ஆண்டவனுக்கே உஷ்ண நிவாரணம் தேடும் ஊரில் மனிதர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து நிற்பதில் ஆச்சரியமில்லை.

அந்த மழை எப்படி உண்டாகிறது? ஐப்பசி, கார்த்திகை மழையைப்போல இது கடலில் பிறந்து கரைக்கு வருவதன்று. பெரும்பாலும் தரையிலேயே பிறப்பது. மேற்கே தக்காணத்து மேட்டு நிலத்திலிருந்து வரும் காற்று வறண்டது. கிழக்கே வங்கக் கடலிலிருந்து வருவது ஈரமுள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்விரண்டும் தமிழ்நாட்டின் உட்பகுதியில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சந்திக்கும் இடம் தினந்தோறும் சற்றே நகரும். ஒரு நாள் தருமபுரிக்கு அருகில், மறுநாள் ஆரணிக்கு அருகில். அங்கே பாறையும் தரிசும் வெயிலில் காய்ந்து அடிக்காற்றை மேலே தள்ளுகின்றன. வடக்கே ஜவ்வாது மலையும் தென்மேற்கே கல்வராயன் மலையும் ஏணிபோல நின்று அக்காற்றை இன்னும் உயர ஏற்றிவிடுகின்றன. ஏறிய காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளியாகிறது. துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் மேலும் உந்துகிறது. ஒரு மணி நேரத்துக்குள் 12, 15 கிலோமீட்டர் உயரமுள்ள மேகக் கோபுரம் எழுந்துவிடும். இதைத்தான் பள்ளிப் புத்தகங்களில் கார்த்திரள் மேகம் என்கிறார்கள். பெரிய கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி; அண்ணாமலையே 814 மீட்டர். அந்த மேகத்தின் முன் மலை ஒரு படிக்கட்டுக்குச் சமானம்.

கீழே மனிதர்கள் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, மேகத்தின் உச்சியில் உறைபனிக்கும் ஐம்பது டிகிரி கீழான குளிர் இருக்கிறது. அங்கே பனித் துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரத்தைப் பிரித்து வைக்கின்றன. அது மண்ணோடு சேரத் துடிப்பதே மின்னல். அந்த மின்னற்கொடியின் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 டிகிரிக்குக் கொதித்து வெடிக்கும் சப்தமே இடி. மழை பாரமாகி விழும்போது குளிர்ந்த காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. தரையில் மோதிய அந்தக் காற்று நாற்புறமும் பாய்வதைத்தான் நாம் சூறை என்கிறோம். மழைக்கு முன்னே அது வருவதும், வந்தவுடன் உஷ்ணம் சட்டென்று பத்து டிகிரி குறைவதும் இதனாலேதான்.

இத்தகைய மேகத்தின் குறுக்களவு பத்துக் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆகவே கிரிவலப் பாதையின் ஒரு பக்கத்தில் சாக்கடை நிரம்பி ஓட, மறுபக்கத்தில் புழுதி அடங்காமலிருப்பதை ஊரார் ஆண்டுதோறும் காண்கிறார்கள். “கோயிலண்டை நல்ல மழை, எங்கள் பக்கம் தூறல்கூட இல்லை” என்பது சித்திரை மாதத்து டீக்கடைப் பேச்சில் தப்பாத வாக்கியம்.

நிற்க. புயலுக்கு இப்போது பெயர் இருக்கிறது. அது பிறந்த இடம், போகும் வழி, கரை கடக்கும் நேரம் யாவும் நாட்கணக்கில் முன்னதாகத் தெரிகின்றன. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அப்படித்தான் பல நாள் கண்காணிக்கப்பட்டு வந்தது. அப்படி வந்தும், டிசம்பர் 1ஆம் தேதி அண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. மலையடிவாரத்து வீடுகளைப் பற்றி அன்று எழுந்த கேள்விகள் தனியே எழுதவேண்டிய விஷயம். இங்கே நாம் சொல்ல வந்தது வேறு. கோடை இடிமழைக்குப் பெயர் கிடையாது. முந்தின வாரத்து எச்சரிக்கை கிடையாது. வானிலை நிலையம் அதைப்பற்றித் திட்டமாகச் சொல்லக்கூடியது அடுத்த மூன்று மணி நேரத்துக்குத்தான். “அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு” என்று ஜில்லாக்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் அறிக்கையை நாம் எல்லோரும் பார்க்கிறோம். பார்த்துவிட்டுப் பெரும்பாலும் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

அலட்சியத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. திருவண்ணாமலை ஜில்லாவின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேகம் நனைப்பதோ அதில் ஒரு மூலை. செங்கத்தில் மழை கொட்டினால் அறிக்கை மெய். வந்தவாசிக்காரன் கணக்கில் அது பொய். இப்படிப் பத்துத் தடவை பொய்த்ததாக எண்ணிக்கொண்டவன் பதினோராம் தடவை தார்ப்பாயைத் தேடமாட்டான். இதில் சாஸ்திரத்தின் குற்றம் ஒன்றுமில்லை. எந்த மேகம் எந்தத் தெருவில் உடையும் என்பதை இன்று உலகில் எந்த நிபுணரும் காலையில் சொல்ல முடியாது. ஆனால் எந்த வேளையில் உடையும் என்பதற்கு நிபுணர் வேண்டியதில்லை. பிற்பகல் மூன்றிலிருந்து இரவு எட்டுக்குள் என்று எந்தக் குடியானவனும் சொல்லிவிடுவான். இருக்கும் மூன்று மணி நேரத்தைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

கிரிவலத்தை எடுத்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமியன்று பல லட்சம் ஜனங்கள் 14 கிலோமீட்டர் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மாலையில் தொடங்கி இரவெல்லாம் கூட்டம் நகரும். அதாவது இடிக்குரிய அதே வேளையில். வழிநெடுக அன்னதானப் பந்தல்கள், தகரக் கொட்டகைகள், மின்விளக்குச் சரங்கள், விளம்பரத் தட்டிகள். சூறை வீசினால் முதலில் பறப்பவை இவையே. மழை வந்ததும் ஜனங்கள் ஓடி நிற்பது மரத்தடியில். மின்னல் வேளையில் அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. மின்னல் நேராகத் தலையில் விழுந்து மடிபவர்கள் சிலரே. மரத்தில் விழுந்து பக்கத்தில் நிற்பவர்மேல் தாவுவதாலும், தரையில் பரவிக் கால்வழி ஏறுவதாலும் மடிபவர்களே அதிகம். நான்கு தூண்மேல் நிற்கும் திறந்த மண்டபம் மழைக்கு மறைவே ஒழிய மின்னலுக்கு முழுக் காப்பு ஆகாது. சுவரும் கூரையும் கொண்ட கட்டடமும், இரும்புக் கூரை மூடிய பஸ்ஸும் காப்பு. பாதையோரத்துப் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் அன்றிரவு திறந்திருக்க ஏற்பாடு செய்வது சர்க்காருக்கும் தேவஸ்தானத்துக்கும் பெரிய காரியமன்று.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறப்பதாகச் சர்க்கார் கணக்கே கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் ‘தாமினி’ என்ற கைபேசிச் செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னல் இறங்குவதை அது அறிவிக்கும். செயலி இல்லாதவர்க்கு நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று உண்டு. இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்பார்கள். அதனால் இடி விலகும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மின்னியது முதல் இடி கேட்கும் வரையில் விநாடிக்கு ஒரு முறை அப்பெயரைச் சொல்லி எண்ணினால் உத்தமமான கடிகாரம் ஆகிவிடுகிறது. மூன்று அர்ச்சுனனுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரவேண்டும். கோபுரக் கலசத்தில் வரகு இருப்பதால் ஊருக்கு இடிபயம் இல்லை என்று சிலர் தைரியம் சொல்வது வழக்கம். வரகு விதைக்கு ஆகும். மின்சாரம் கேட்பது உச்சியிலிருந்து மண்வரை இறங்கும் உலோகப் பாதையையே. இன்னொரு விஷயம். மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பயந்து தொடாமல் நிற்கிறார்கள். அப்படி எதுவும் தங்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்திக்கொண்டு, 108க்குச் சொல்லி அனுப்புவதுதான் செய்யத்தக்கது.

உயிர்ச் சேதத்துக்கு அடுத்தது நெல். நம் அபிப்பிராயத்தில் இந்த மழையின் மிகப் பெரிய அநியாயம் நடப்பது கொள்முதல் நிலையங்களின் வாசலில்தான். நவரைப் பட்டத்து நெல் அறுவடையாகிக் களத்துக்கு வருவது சித்திரையில். அறுத்தவன் அதைக் காயவைத்துக் கொண்டுவந்து நேரடிக் கொள்முதல் நிலையத்தின் முன் குவிக்கிறான். முறை வருவதற்குச் சில நாள், சில சமயம் ஒரு வாரம். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை என்பது விதி. திங்கட்கிழமை 16 சதவீதமாக இருந்த குவியல் செவ்வாய் மாலை அரை மணி நேரத்து மழையில் நனைந்து புதன்கிழமை முளை கட்டத் தொடங்குகிறது. தராசில் ஏறாத வரையில் அது குடியானவனின் நெல், நஷ்டமும் அவனுடையதே. மழை கெட்டது என்று அவன் சொல்வதில்லை. அதே மழை விழுந்த பக்கத்து நிலத்தில் அவனே மறுநாள் ஏர் பூட்டுவான். “கோடை உழவு கோடி நன்மை” என்பது அவனுடைய பழமொழிதான். வேர்க்கடலைக்கு நிலத்தைப் பதப்படுத்துவதும், கிணற்றில் ஒரு முழமாவது நீர் ஊறச் செய்வதும், மலையில் பற்றிய புல் நெருப்பை அணைப்பதும் இந்த மழையே. கழனிக்கு அமிர்தமாக விழுவது குவியலுக்கு விஷமாவது மேகத்தின் செயலன்று.

கூரையிட்ட களங்கள் வேண்டும் என்று பலரும் எழுதியாயிற்று. அது பணமும் நாளும் பிடிக்கும் காரியம், வரட்டும். அதுவரையில் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எடை போடும் நேரத்தை மாற்றுவது. பல இடங்களில் தராசு அசையும்போது மணி பத்தாகிவிடுகிறது. மூட்டைகள் லாரிக்குக் காத்திருப்பதோ மாலையில், சரியாக மேகம் கூடும் சமயத்தில். சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களுக்கு மட்டும் காலை ஆறு மணிக்கு எடையைத் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்திவிடலாம். மீதியுள்ள குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் நீர் புகாதபடி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடவும் அந்த நேரம் போதும். சுமை தூக்கும் தொழிலாளருக்கும் உச்சி வெயில் மிச்சமாகும். எந்த நிலையத்தில் எத்தனை தார்ப்பாய் இருக்கிறது, அதில் கிழியாதது எத்தனை என்று பங்குனி மாதத்திலேயே எண்ணிப் பார்த்து வாசலில் எழுதிப் போடும்படி அந்தந்த வட்டாரத்து விவசாயிகள் சங்கத்தார் கேட்கவேண்டும்.