ஒட்டிய காகிதம் சும்மா இருப்பதில்லை

காஞ்சிபுரம் செவிலிமேட்டுக்கு வந்துபோகிறவரின் பையில் என்னென்ன காகிதங்கள் சேரும்? கண்டக்டர் மிஷினில் அடித்துக் கொடுத்த பஸ் டிக்கெட், கோயில் அர்ச்சனைச் சீட்டு, தறிக்காரர் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டை. பழைய செய்தித்தாள் ஒன்றையும் சேர்த்து அழகாக ஒட்டினால் கொலாஜ் தயார். ஜெர்மன் ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் டிராம் டிக்கெட்டுகளையும் கிழிந்த தாள்களையும் இப்படி ஒட்டித்தான் பெயர் வாங்கினார். செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சுப்படத்து லட்சுமிக்கு ஜரிகையும் துணியும் ஒட்டிச் சேலை உடுத்தியதும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

ஆனால் பசை காய்ந்த பிறகு காகிதங்களின் வேதியியல் வேலையைத் தொடங்குகிறது.

முதலில் மங்குவது புதிய பஸ் டிக்கெட். அதில் மையே கிடையாது. தாளின் மேல்பூச்சில் நிறமற்ற சாயமும், அதைக் கறுக்க வைக்கும் அமிலத்தன்மையுள்ள பொருளும் தனித்தனியாக இருக்கின்றன. சூடு பட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்து எழுத்தாகின்றன. வெயிலோ எண்ணெய்ப் பிசுக்கோ பட்டால் போதும், எழுத்து மறையத் தொடங்கிவிடும். பிவிசி உறையில் பத்திரப்படுத்தினாலும் ஆபத்துதான். அதிலுள்ள மென்மையூட்டி கசிந்து சாயத்தைக் கெடுக்கும்.

செய்தித்தாளின் கதை வேறு. அது மரக்கூழில் செய்தது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. தாளில் ஊறும் அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டாக்குவதால் மடித்த இடம் பொடிகிறது. அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். பழைய புத்தகத்தில் செய்தித்தாள் துண்டு வைத்திருந்த பக்கத்தில் அதே அளவில் பழுப்புக் கறை தெரிவது இதனால்தான்.

புடவையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிசை வரிசையாக ஓட்டைகள். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். ஊடை ஓட்டம் ஒன்றுக்கு அட்டை ஒன்று. தறியில் திரும்பத் திரும்ப அடி வாங்க வேண்டியது என்பதால் கெட்டியாக இருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை ஈரப்பசையால் ஒட்டினால் தாளில் சுருக்கம் விழும். நார்கள் நீரை உறிஞ்சி நீளத்தைவிட அகலத்தில் அதிகம் உப்புகின்றன. கெட்டி அட்டை அதே அளவுக்கு அசைவதில்லை.

பசையிலும் கவனம் வேண்டும். போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சும்போது பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். சில நாள் நிற்கும் சுவரொட்டிக்கு அது சரி. கொலாஜுக்கு வேண்டாம், அதிலுள்ள தாமிரம் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். ஆவணக் காப்பாளர்கள் பயன்படுத்துவது துத்தம் சேர்க்காத கோதுமை ஸ்டார்ச் பசை.

ஆகவே டிக்கெட்டை லேசர் ஜெராக்ஸ் எடுத்து நகலை ஒட்டுங்கள். அதன் கறுப்பு கார்பன், எளிதில் மங்காது. செய்தித்தாளுக்கு அடியில் அமிலமற்ற தாள் ஒன்றை வையுங்கள். சட்டமிட்ட படத்தை வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். ஜக்கார்டு அட்டையை மட்டும் முழுக்க மூடி ஒட்டாதீர்கள். ஓட்டைகள் தெரிந்தால்தான் அது புடவையின் எழுத்து.