சங்கத்தை எந்த எழுத்தில் தேடுவது?

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் ஆங்கிலத்தில் 'சங்கம்' என்று தட்டினால் கட்டுரைகள் வந்து குவியும். எல்லாம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. அச்சொல்லை 'எஸ்' எழுத்தில் தொடங்குவோர் ஒரு சாரார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறைப்படி 'சி'யில் தொடங்கி, நடுவே 'ஜி'க்குப் பதில் 'கே' இடுவோர் இன்னொரு சாரார். வெளிநாட்டுத் தமிழறிஞர்கள் பலர் இந்த இரண்டாம் வகை. 'எஸ்' மட்டும் போட்டுத் தேடினால் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது.

சிலப்பதிகாரத்துக்கும் இதே கதிதான். சோழரை 'எச்' இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. பழைய கட்டுரைகளில் தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆகவும், திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆகவும் இருக்கும். ஆகவே தேட உட்காரும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை ஸ்பெல்லிங் உண்டோ அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு எல்லா ஸ்பெல்லிங்கையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, இடையிடையே பெரிய எழுத்தில் 'ஆர்' இடுங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே, அதுவும் பெரிய எழுத்தில், 'ஆண்ட்' சேர்த்து உங்கள் பொருளை எழுதுங்கள். பெண்கள், வணிகம், எதுவானாலும். இரண்டு சொற்கள் சேர்ந்தே வரவேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறி. ஜேஸ்டோர் கட்டுரையின் முழு உரையிலும் தேடும். அடிக்குறிப்பில் ஒரே ஒருமுறை வந்த சொல்லுக்காகவும் கட்டுரையைக் கொண்டுவந்து கொட்டும். அப்படிக் குவிந்தால் மேம்பட்ட தேடலுக்குப் போய், தலைப்பில் மட்டும் தேடச் சொல்லுங்கள்.

மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் இந்தச் சிரமம் குறைவு. மாரடைப்புக்கு வழக்கில் உள்ள ஆங்கிலச் சொல்லைத் தட்டினாலும், மருத்துவர்கள் எழுதும் கலைச்சொல்லையும் அதுவே சேர்த்துத் தேடிவிடும். அங்கே ஒவ்வொரு நோய்க்கும் முறையான சொற்பட்டியல் இருக்கிறது. நம் துறைக்கு அப்படி ஒன்று இல்லாததால் அந்தப் பட்டியலை நாமேதான் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கினால் அதை விடாதீர்கள். அதன் அடிக்குறிப்புகள் முன்னோடிகளைக் காட்டும். கூகுள் ஸ்காலரில் அதே தலைப்பைப் போட்டால், பின்னால் அதை மேற்கோள் காட்டியவர்களின் வரிசை வரும். ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டு வெளியீடுகள் இருக்காது. அவற்றுக்கும் கூகுள் ஸ்காலர்தான் வழி.

கல்லூரி வழியாக அனுமதி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஜேஸ்டோரில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம்.