தாதித் தொழிலும் நம் பெண்மக்களும்

கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு அண்மையில் நான் சென்றிருந்தபோது, பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "ஐந்தாம் படிவம் முடித்த மகள் மிஸி வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள், ஐயா. இராத்திரி வேலை என்கிறார்கள். யார் யாருக்கோ புண் கழுவ வேண்டும் என்கிறார்கள். அனுப்பலாமா?" இவ்வையம் பல தோட்டங்களில் பெற்றோர் பலரின் உள்ளத்தில் இருப்பதேயாகும். ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற விழைகிறேன்.

முதற்கண், இந்நாட்டுத் தாதியருள் பெரும்புகழ் பெற்ற சிபில் கார்த்திகேசு அம்மையாரின் வரலாற்றை நோக்குவோம். இவர் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தையார் ஜோசப் டேலி, அயர்லாந்து வழிவந்த யுரேசியர், தோட்டத் துரையாயிருந்தவர். தாயாரோ மருத்துவச்சி. கோலாலம்பூரின் புடு வட்டாரத்தில் இக்குடும்பத்தின் இல்லம் இருந்தது. தாயார் சென்ற வழியிலேயே மகளும் சென்று, தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றார். கண்டனீஸ் மொழியையும் சரளமாகப் பேசினார். நோயாளியின் மொழியை அறிந்திருப்பது பாதி மருந்துக்குச் சமம் என்பது என் எண்ணம். தமிழ் மட்டுமே அறிந்த நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் நகர மருத்துவமனையில் வலி எங்கே என்று சொல்ல முடியாமல் தவிப்பதைக் கண்டவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

1919ஆம் ஆண்டு கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில், இலங்கைத் தமிழரான மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை அவர் மணந்தார். அதே ஆண்டில் பிறந்த தலைமகன் ஒரு நாள்கூட உயிர்வாழவில்லை. அத்துயரைச் சுமந்தவாறே அவர் பிறர் வீட்டுப் பிள்ளைகள் உலகைக் காணத் துணைநின்றார். 1926 முதல் கணவரும் மனைவியும் ஈப்போவில் மருந்தகம் நடத்திவந்தனர்.

ஜப்பானியப் படை ஈப்போவைக் கைப்பற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1941 டிசம்பரில், இருவரும் அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். பிரதான சாலையில் 74ஆம் எண் கடைவீடே அவர்களது மருந்தகமாயிற்று. பகலில் ஊரார்க்கு மருத்துவம் நடந்தது. இரவிலோ காட்டிலிருந்து காயமுற்ற எதிர்ப்புப் படையினர் வந்தனர். அவர்களுக்கு மருந்திட்டதோடு, மறைத்துவைத்திருந்த வானொலியில் பிபிசி செய்திகளைக் கேட்டு அவற்றையும் தெரிவித்துவந்தார் அம்மையார். இவை யாவும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

1943ஆம் ஆண்டு அவர் கைதுசெய்யப்பட்டார். இராணுவப் போலீசார் அவரைச் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளாக்கினர். சிறுமியான இளைய மகள் டானை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி, தாயைப் பேசவைக்க முயன்றனர். தாம் மருந்திட்டவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. 1945இல் போர் முடிந்ததும் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வீரச்செயலுக்குரிய ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் சப்பாத்துக் காலால் தாடையில் வாங்கிய உதையின் புண்ணிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் பரவ, 1948 ஜூன் மாதம் அவர் ஸ்காட்லாந்தில் காலமானார். மறு ஆண்டு அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு ஈப்போவில் அடக்கஞ்செய்யப்பட்டது.

இங்கே அவ்வன்பரின் இரண்டாவது ஐயத்திற்கு விடை இருக்கிறது. கவனிக்கப்படாத புண் கிருமிக்கு வாயிலாகும். கிருமி இரத்தத்தை அடைந்தால் உடல் முழுவதும் நஞ்சாகி, ஈரலும் சிறுநீரகமும் செயலிழக்கும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கிருமி நீக்கிய கருவிகளால் புண்ணைத் துப்புரவு செய்து, அதன் நிறமும் மணமும் நேற்றைக்கு இன்று எவ்வாறு மாறியுள்ளன என்று குறித்துவைக்கும் தாதி, மருத்துவர் வருமுன்பே ஆபத்தை அறிந்துவிடுகிறாள். இது கூலிக்குச் செய்யும் கழுவல் அன்று. கற்றுத் தேற வேண்டிய கலை.

இரவுப் பணி உண்டு. மருத்துவமனையில் காலை, மாலை, இரவு என முறைவைத்துப் பணி மாறிவரும். பெற்றோரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யேன். ஆனால் நடுநிசியில் மூச்சுத்திணறும் நோயாளி விடியும்வரை காத்திருப்பாரா? பயிற்சிக்காலத்தில் விடுதி வசதி உள்ளதா என்பதை முன்னரே கேட்டறிதல் நலம்.

இனி, வழி யாதெனின்: எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். பின்னர் மூன்றாண்டு டிப்ளோமாப் படிப்பு. வகுப்பறையில் பாதி, நோயாளியின் கட்டிலருகே பாதி என்று கொள்ளலாம். அதன்பின் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் வென்று, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிவுசெய்தல் வேண்டும். ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்தலும் கட்டாயம். மருத்துவச்சிப் பணி, தீவிர சிகிச்சை, சிறுநீரகச் சிகிச்சை முதலிய சிறப்புப் பயிற்சிகள் பின்னர் வருவன. அனுபவத்தால் சிஸ்டராகவும் மேட்ரனாகவும் உயரலாம். இன்று ஆண்களும் இத்தொழிலில் உள்ளனர்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூறுவேன். 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், தனியார் கல்லூரிகளில் கடன் பெற்றுப் பயின்ற பலர் வேலையின்றித் தவித்தனர். ஆகவே சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரியாயின், அதன் படிப்பைத் தாதியர் வாரியம் ஏற்றுள்ளதா என்பதை வாரியத்திடமே விசாரியுங்கள். முகவரின் வாய்மொழியை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். அவ்வன்பர் தம் சட்டைப் பையிலிருந்து மடித்துவைத்திருந்த விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டியபோது, நான் முதலில் தேடியதும் அதில் வாரியத்தின் அங்கீகாரம் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையே. குறிக்கப்படவில்லை. அன்று மாலையே மகளை அழைத்துவரச் சொல்லி, வாரியத்திற்கு அனுப்பவேண்டிய கடிதத்தை இருவருமாக எழுதினோம்.